நம்ம கட்சி ஆட்சிக்கு வந்தாச்சு: புது முதல்வரைக் கட்சிக்காரர்கள் எப்படிக் கவனிக்கணும்?

நான் திமுககாரன். கிளைக் கழகத்தில் இருந்துகொண்டு சுவர் எழுத்து, பூத் கமிட்டி, வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு என்று கீழ்மட்ட வேலை பார்க்கிற ஆள். பத்து வருஷம் எதிர்க்கட்சியாக இருந்துவிட்டு, 2021 மே 7 காலையில் "முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்" என்று தலைவர் உறுதிமொழி எடுத்ததை டிவியில் பார்த்தபோது எங்கள் தெருவில் அழாத கட்சிக்காரர் கிடையாது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் என்பதால் பட்டாசு வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த சந்தோஷத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.

அன்றைய அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் எந்தக் கட்சிக்காரருக்கும் இது பொருந்தும். உங்கள் தலைவர் புதிதாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முதல் சில மாதங்களில் அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயத்துக்கு வரவேண்டும், அது வாட்ஸ்அப்பில் வரும் பாராட்டு வீடியோவை வைத்து வந்ததாக இருக்கக் கூடாது. ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். எதிர்க்கட்சிக்காரன் குறை சொன்னால் "அரசியல் பண்றான்" என்று ஒதுக்கிவிடுவார்கள், அதிகாரி எழுதும் குறிப்பில் எல்லாம் நல்லபடியாக நடப்பதாகவே இருக்கும். மிச்சம் இருப்பது நாம்தான். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன் சொல்கிற குறைக்குத்தான் கட்சிக்குள் மதிப்பு உண்டு, அதுவும் ஆரம்பத்திலேயே சொன்னால்தான் உண்டு.

தேர்தல் அறிக்கையைத் தேடி எடுங்கள்

ஓட்டு எண்ணி முடிந்ததும் எல்லாரும் தூக்கிப் போடும் முதல் காகிதம் அதுதான். தயவுசெய்து போடாதீர்கள். 2021-ல் எங்கள் அறிக்கையில் 505 வாக்குறுதிகள் இருந்தன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கும் உங்கள் தெருவுக்கும் சம்பந்தப்பட்டதை மட்டும் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வாயால் சொல்லி ஓட்டுக் கேட்ட வாக்குறுதிகளை முக்கியமாக.

அப்புறம் கோடு போட்ட ஒவ்வொன்றையும் பார்த்து, இதை நிறைவேற்றும் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு முதல்வரை எடை போடவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். சிலவற்றுக்கு முதல்வர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மறுநாளே அமலுக்கு வந்துவிடும். சிலவற்றுக்குப் பணம் வேண்டும், நிதித்துறை ஒத்துக்கொள்ள வேண்டும், பட்ஜெட் வரைக்கும் காத்திருக்க வேண்டும். சிலவற்றின் சாவி கோட்டையிலேயே இல்லை, டெல்லியில் இருக்கிறது, நடுவில் ஆளுநர் மாளிகையும் இருக்கிறது.

நீட் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சிக்கு வந்தால் நீட் தேர்வை ரத்து செய்வோம் என்று மேடைக்கு மேடை பேசினோம். வந்த அடுத்த மாதமே நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை வாங்கினார்கள், 2021 செப்டம்பர் 13-ல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார், ஒரே வாரத்தில் சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினார்கள். இதில் முதல்வரை எதற்காகப் பாராட்டலாம் என்றால், தன் கையில் இருந்த ஒவ்வொரு வேலையையும் காலம் கடத்தாமல் செய்ததற்காக. எதற்காகக் கேள்வி கேட்கலாம் என்றால், குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் இது நடக்காது என்பதைப் பிரச்சார மேடையில் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லாமல் விட்டதற்காக. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறவனை டீக்கடையில்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் நாள் கையெழுத்து

புது முதல்வர்கள் எல்லாருமே முதல் நாள் சில கோப்புகளில் கையெழுத்துப் போடுவார்கள். அவர் எதை அவசரம் என்று நினைக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். 2021-ல் ஐந்து கோப்புகள். அரிசி குடும்ப அட்டைக்கு 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம், அதில் முதல் தவணை 2,000 அந்த மாதமே. ஆவின் பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு, மே 16 முதல். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம், மறுநாளே. தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சை எடுத்தாலும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவை ஏற்பது. பிரச்சாரத்தில் வாங்கிய மனுக்களைத் தீர்க்க 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்று தனியாக ஒரு ஏற்பாடு.

கையெழுத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டுக் கைதட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கையெழுத்து உங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று போய்ப் பாருங்கள். இலவசப் பேருந்து எனக்கு ரொம்பவும் பிடித்த திட்டம், அதனாலேயே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், பூக்கூடையோடு நிற்கிற பாட்டி எல்லாரும் இருப்பார்கள். கவனிக்க வேண்டியவை இவைதான்: வருகிற வண்டிகளில் எத்தனை சாதாரணக் கட்டண வண்டி, எத்தனை எக்ஸ்பிரஸ், டீலக்ஸ். இலவசம் செல்லுபடியாவது சாதாரண வண்டியில் மட்டும் என்பதால், அந்த வழித்தடத்தில் அது குறைவாக ஓடினால் உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும். பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறாரா, இல்லை பத்தடி தள்ளிப் போய் நிறுத்தி ஓடி வர வைக்கிறாரா. நடத்துநர் அந்தக் கட்டணமில்லாச் சீட்டைக் கையில் கொடுக்கிறாரா, மூஞ்சியைக் காட்டிக் கிழித்துப் போடுகிறாரா. ஏறிய பெண்மணி உட்கார இடம் கேட்டால் யாராவது "காசு கொடுத்தவன் நிக்கிறான்" என்று சொல்கிறானா. திட்டம் மக்களுக்கு மரியாதையாகப் போய்ச் சேர்கிறதா என்பது இந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான் தெரியும், கோட்டையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பேருந்து மாறிப் போகிற ஒரு அக்கா எங்கள் பகுதியில் இருக்கிறார். முன்பெல்லாம் ஒரு வழிக்கு மட்டும் பேருந்து, மறுவழிக்கு நடை. திட்டம் வந்தபிறகு நடையை நிறுத்தினார், மிச்சப்பட்ட நேரத்தில் இன்னொரு வீட்டு வேலை பிடித்துக்கொண்டார். இலவசம் கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆவார்கள் என்று பேசுகிறவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

இதே திட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். அறிவிப்பு வந்ததும் திருநங்கையருக்கும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சில வாரங்களிலேயே திருநங்கையரையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். ஒரு புதுத் தலைவர் போட்ட உத்தரவைத் திருத்திக்கொள்ளத் தயங்காமல் இருக்கிறாரா என்று ஆரம்பத்திலேயே பார்ப்பது நல்லது, ஏனென்றால் நாள் ஆக ஆக அந்தத் தயக்கம் கூடத்தான் செய்யும்.

அறிவிப்பு வேறு, அரசாணை வேறு

சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ், அதாவது விவாதம் இல்லாமல், முதல்வரின் அறிவிப்பு வந்ததும் நம் ஆட்கள் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள், அரசாணை வரட்டும். நிபந்தனை எல்லாம் அதில்தான் இருக்கும்.

கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி இதற்குச் சரியான உதாரணம். ஐந்து பவுனுக்குட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி என்று ஊர் ஊராகச் சொன்னோம். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிப்பும் வந்தது. பிறகு விதிமுறை வந்தபோது ஒரே குடும்பத்தில் மொத்தமாக ஐந்து பவுனுக்கு மேல் அடகு வைத்தவர்கள், அரசு ஊழியர்கள், அவர்களது குடும்பத்தினர் என்று பெரிய பட்டியலே வெளியே போனது. டிசம்பரில் கணக்கு வெளிவந்தபோது 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தள்ளுபடி இல்லை என்று தெரிந்தது. முந்தைய காலத்தில் போலி நகை, ஒரே ஆள் பேரில் நூற்றுக்கணக்கான கடன் என்று முறைகேடு நடந்ததால் வடிகட்ட வேண்டியிருந்தது என்று அரசு சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் கூட்டுறவு சங்க வாசலில் ஒட்டிய பட்டியலில் பேர் இல்லாத ஒரு பெண்மணி கோட்டையைத் தேடிப் போக மாட்டார், "நீதானப்பா சொன்ன" என்று நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் மழுப்பக் கூடாது. அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஏன் வரவில்லை, இந்தக் காரணம் தவறாகப் போடப்பட்டிருந்தால் எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அரசாணைகள் தமிழ்நாடு அரசு இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். எண், தேதி, துறை மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த அலுவலகத்தில் போய்ப் பேசினாலும் இந்த மூன்றும் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சட்டமன்றத்தில் துறைகளின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொடுக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும் படியுங்கள். போன வருஷம் சொன்னதில் எது நடந்தது என்று அவர்களே எழுதியிருப்பார்கள்.

யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்?

இது சீக்கிரம் தெரிந்துவிடும் விஷயம். பதவியேற்ற அன்றே வெ.இறையன்பு தலைமைச் செயலாளர். முதல்வரின் செயலாளர்களில் முதல் இடத்தில் த.உதயச்சந்திரன், பாடத்திட்ட மாற்றத்தில் பேர் எடுத்தவர். இரண்டு பேருமே கட்சி அடையாளம் இல்லாமல் வேலைக்காக அறியப்பட்டவர்கள். பள்ளிக்கல்வித் துறையில் தன்னுடைய புத்தகங்களை வாங்கக் கூடாது என்று இறையன்பு எழுதி அனுப்பியது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, அரவிந்த் சுப்பிரமணியன், ஜான் திரேஸ், எஸ்.நாராயண் ஆகியோரை வைத்துப் பொருளாதார ஆலோசனைக் குழு அமைப்பதாக ஜூன் மாத ஆளுநர் உரையில் அறிவித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் பெயரைப் பார்த்து மயங்கி நின்றுவிடவும் கூடாது. அதிகாரிகள் நியமனத்தைக் கவனிக்கும்போது உங்கள் மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வட்டாட்சியர் யார் யார் மாறுகிறார்கள், யார் சிபாரிசில் மாறுகிறார்கள் என்பதையும் பாருங்கள். கோட்டையில் நல்ல அதிகாரி இருந்து தாலுகா அலுவலகத்தில் பழைய மாமூல் அப்படியே ஓடினால் மக்களுக்கு எந்த ஆட்சி வந்தால் என்ன?

ஓட்டுப் போடாதவர்களை எப்படி நடத்துகிறார்?

என்னைக் கேட்டால் ஒரு புதுத் தலைவரைப் பற்றி அதிகம் சொல்வது இதுதான். கோவை மாவட்டத்தில் பத்துத் தொகுதியிலும் நாங்கள் தோற்றோம், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மே மாதக் கடைசியில் கொரோனா அங்கே கடுமையாக இருந்தது, தடுப்பூசியிலும் படுக்கையிலும் மேற்கு மாவட்டங்களைப் புறக்கணிக்கிறார்கள் என்ற புகாரும் கிளம்பியது. மே 30-ம் தேதி முதல்வர் கோவைக்குப் போனார், முழுக் கவச உடை போட்டுக்கொண்டு இ.எஸ்.ஐ மருத்துவமனை கொரோனா வார்டுக்குள் நுழைந்து நோயாளிகளிடம் பேசினார். அதிகாரிகள் வேண்டாம் என்று தடுத்தும் போனார் என்று செய்தி வந்தது. அந்தப் படத்தை நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம், சரி. அதோடு அந்த வாரத்தில் அங்கே படுக்கை கூடியதா, தடுப்பூசி கூடியதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நீங்களும் கேளுங்கள், படம் மட்டும் போதாது.

அதே மே மாதத்தில் கொரோனாவுக்காக அமைத்த அனைத்துக் கட்சி ஆலோசனைக் குழுவில் அதிமுகவின் முன்னாள் சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கரையும் சேர்த்தார்கள். ஏற்கெனவே தயாராகிவிட்ட பள்ளிப் பைகளில் ஜெயலலிதா படமும் எடப்பாடி பழனிசாமி படமும் இருந்தன, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்காமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கட்சிக்காரர்களாகத் தங்களுக்கு அது கொஞ்சம் உறுத்தியது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு உறுத்தவில்லை, அது மக்கள் பணம், பிள்ளைகளுக்குத் தேவை பை.

கஜானா

பணக் கணக்கைப் பார்க்காத ஆதரவு ரொம்ப நாள் தாங்காது. 2021 ஆகஸ்ட் 9-ல் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன், அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று அதில் இருந்தது. நான்கு நாளில் திருத்திய பட்ஜெட், அதில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு. மறுநாள் வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட், தமிழ்நாட்டில் அதுதான் முதல் தடவை.

வெள்ளை அறிக்கை வந்தால் கட்சிக்காரர்களுக்கு உடனே தோன்றுவது "பாத்தியா, போன ஆட்சி எப்படிச் சுரண்டிட்டுப் போயிருக்கு" என்பதுதான். சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்த அறிக்கையை அடுத்த ஐந்து வருஷத்துக்குப் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் அன்று முதல் அந்தக் கடன் நம் பொறுப்பு. போக்குவரத்துக் கழகம் ஏற்கெனவே நஷ்டத்தில் இருக்கும்போது இலவசப் பயணத்துக்கான தொகையை அரசு ஒழுங்காகக் கழகத்துக்குக் கொடுக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் திட்டத்தை நேசிக்கிற நாம்தான். தொகை போகாவிட்டால் வண்டி பழுதாகும், டயர் வாங்க மாட்டார்கள், கடைசியில் அதே பூக்கார பாட்டி நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பார்.

பணத்தால் தள்ளிப்போகிற வாக்குறுதியில் பொறுமை வேண்டும், மறதி கூடாது. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பதைத்தான் நாங்கள் அதிகமாகச் சொன்னோம், அது வந்தது 2023 செப்டம்பர் 15-ல், காஞ்சிபுரத்தில். இரண்டே கால் வருஷத்துக்கு மேல். அந்த இடைவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் "எப்ப வரும்" என்று கேட்டார்கள். வந்தபோதும் 1.63 கோடி விண்ணப்பத்தில் 1.06 கோடி பேருக்குத்தான் கிடைத்தது, ஆண்டு வருமானம், நிலம், மின்சார யூனிட் என்று வரம்பு போட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய திட்டத்தை ஒரு மாநில அரசு செய்து காட்டியது சாதாரண விஷயம் இல்லை என்று மனதாரச் சொல்வேன். முதல் வருஷமே "நிதிநிலை இப்படி, இத்தனை மாதம் ஆகும், இன்னார் இன்னாருக்குத்தான்" என்று திறந்து சொல்லியிருந்தால் நாங்கள் பதில் சொல்லியிருப்போம் என்றும் சொல்வேன். மாதாந்திர மின்கணக்கீடு போன்ற வாக்குறுதிகளில் அந்தப் பதிலும் கிடைக்கவில்லை.

நம் ஆட்களையும் பாருங்கள்

புது முதல்வரின் பெயரைக் கெடுக்க எதிர்க்கட்சி தேவையில்லை, கரை வேட்டி கட்டிய நாலு பேர் போதும். 2021 மே 4, இன்னும் பதவியேற்புகூட நடக்கவில்லை, சென்னை முகப்பேரில் அம்மா உணவகத்துக்குள் புகுந்து பெயர்ப் பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள் நம் கட்சிக்காரர்கள் இரண்டு பேர். வீடியோ ஊரெல்லாம் போனது. அவர்களைக் கட்சியிலிருந்து நீக்கச் சொன்னார் தலைவர், வழக்குப் போட்டார்கள், பலகையைத் திரும்ப மாட்டினார்கள். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதை எந்த மேடைப் பேச்சிலும் வந்ததில்லை.

சட்டமன்றத்தில் எம்.எல்.ஏக்கள் பேச எழுந்தாலே தலைவரைப் புகழ்ந்து நேரத்தைக் கழிக்கிறார்கள் என்று ஆகஸ்ட் மாதம் அவரே கண்டித்தார், தொடர்ந்தால் நடவடிக்கை என்றார். தன் பாதுகாப்பு வாகன அணிவகுப்பையும் அக்டோபரில் 12 வண்டியிலிருந்து 6 ஆகக் குறைத்தார், மக்களை ரோட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்காக.

வலிக்கிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2019-ல் சென்னையில் அன்றைய ஆளுங்கட்சியான அதிமுககாரர் வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபோது நாம் கொதித்தோம், இனிமேல் பேனர் வைக்கக் கூடாது என்று நம் தலைமை உத்தரவே போட்டது. 2021 ஆகஸ்ட்டில், நம் ஆட்சியில், விழுப்புரத்தில் நம் கட்சிக் கொடிக்கம்பம் நடும் வேலையில் மின்சாரம் பாய்ந்து ஒரு பள்ளிச் சிறுவன் செத்துப்போனான். அந்தப் பையனை அந்த வேலைக்கு யார் கூப்பிட்டது, தலைமை சொன்ன பிறகும் ஏன் கம்பம் நட்டார்கள்? இந்தக் கேள்வியை எதிர்க்கட்சி கேட்பதற்கு முன்னால் நம் ஒன்றியக் கூட்டத்தில் நாம் எழுப்பியிருக்க வேண்டும். உங்கள் ஊரில் வரவேற்பு வளைவு, ஃப்ளக்ஸ், கொடி என்று யாராவது பணம் வசூலிக்க வந்தால் கொடுக்காதீர்கள், முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

அமைச்சர்கள் வாய் தவறினாலும் இதே கதைதான். ஒரு மூத்த அமைச்சர் 2022-ல் பெண்கள் இலவசப் பயணத்தை 'ஓசி' என்று மேடையில் சொன்னார். ஒரு வார்த்தையில் அத்தனை பெண்களுக்கும் சுருக்கென்று தைத்தது. அப்போது "அவர் விளையாட்டாகச் சொன்னார்" என்று முட்டுக் கொடுத்தவர்களைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த மாதம் பொதுக்குழுவில், காலையில் எழுந்திருக்கும்போதே நம் ஆட்கள் புதிதாக எந்தப் பிரச்சினையையும் கிளப்பியிருக்கக் கூடாதே என்ற கவலையோடுதான் எழுகிறேன் என்று தலைவரே மனம் விட்டுச் சொன்னார். அவருக்கு முட்டுக் கொடுக்கிறவன் தேவைப்படவில்லை, வாயை அடக்குகிறவன்தான் தேவைப்பட்டான்.

குறையை எங்கே, எப்படிச் சொல்வது

பொதுவெளியில் சண்டை போடுவதற்கு முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். கிளைக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, ஒன்றிய அல்லது பகுதிச் செயலாளருக்கு ஒரு பிரதி கொடுங்கள். "பொதுமக்கள் மத்தியில் அதிருப்தி நிலவுகிறது" என்று மொட்டையாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இன்ன நியாயவிலைக் கடை, இன்ன தேதி, இத்தனை அட்டைக்குப் பொருள் வரவில்லை என்று எழுதுங்கள். முடிந்தால் பாதிக்கப்பட்டவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சொன்னால் கேட்பார்களா என்ற சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. 2022 பொங்கலுக்கு 21 பொருள் கொண்ட தொகுப்பு கொடுத்தார்கள், பல இடத்தில் வெல்லம் உருகி ஒழுகியது, தரம் சரியில்லை என்று பெரிய புகார். எங்கள் பக்கத்துக் கிளைகளில் இருந்தும் உருகின வெல்லத்தைப் படம் எடுத்து மேலே அனுப்பினார்கள். அடுத்த பொங்கலுக்குத் தொகுப்பையே மாற்றி 1,000 ரூபாய் ரொக்கம், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை என்றார்கள். அதில் கரும்பு இல்லை என்று விவசாயிகள் குரல் கொடுத்ததும் கரும்பையும் சேர்த்தார்கள். கேட்கிற அரசாக இருந்தால் இப்படித்தான் இருக்கும், அதைக் கேட்க வைப்பது நம் பங்கு.

கட்சி வழியில் அசையவில்லை என்றால் அரசு வழி இருக்கிறது, கட்சிக்காரன் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. 'முதல்வரின் முகவரி' துறைக்கு மனு போடலாம், 1100 எண்ணில் கூப்பிடலாம், மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரச்சாரத்தில் 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' பெட்டியில் மனு போட்டவர்களுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்களே, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சொன்னபடி நூறு நாளில் தீர்வு வந்ததா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவர்களிடம்தான் எங்கள் பகுதியில் உண்மையான கணக்கு இருந்தது. மனை பட்டா, முதியோர் உதவித்தொகை, இந்த இரண்டும்தான் அதிகம் நிலுவையில் நின்றது.

அதற்கும் பதில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன அரசாணைப்படி எங்கள் ஊராட்சிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, பயனாளிகள் பட்டியல் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தால் அடுத்த கிளைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசியுங்கள், நல்லதாக இருந்தால் அதையே துண்டறிக்கையாக அடித்து வீட்டுக்கு வீடு கொடுங்கள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.